மடைவாய்

பதிவேட்டில் கருப்பை வாய் என்று எழுதிவிடலாம்.
வரப்பில் நின்றுகொண்டு
குனிந்த பதினோரு முதுகுகளைப் பார்த்து
அதை உரக்கச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.
அடியில, உள்ளுக்குள்ள, அந்த இடத்துல
என்று மென்று விழுங்கினேன்.
பவுனம்மாள் நிமிர்ந்தாள்.
நாற்று முடியைக் காலில் தட்டிச் சேறு உதறி,
"மடைவாய்னு சொல்லேன் நர்சம்மா,
இங்க யாருக்குத் தெரியாது?"
சிரிப்பு தண்ணீரில் வட்டம் போட்டுப்
பக்கத்து வயல் வரை போனது.
அன்றிலிருந்து இந்தக் கோட்டகத்தில்
அதற்கு அதுதான் பெயர்.

கடைமடை இது.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
எல்லா ஊரும் குடித்த மிச்சமாக வரும், வந்தால்.
திருத்துறைப்பூண்டி பேருந்து வரும், வந்தால்.

கோகிலாம்பாளுக்கும் எல்லாம் தாமதமாகத்தான் வந்தது.
வெள்ளைப்பட்டதற்கு
உடம்புச் சூடு என்று மோர் குடித்தாள்.
தீட்டு நின்று இரண்டு வருஷம் கழித்துப் பட்ட ரத்தத்தைத்
துவைத்து, வேலிப் பக்கம் யாரும் பாராமல் காயப்போட்டாள்.
இடுப்பு வலித்தால் அது நடவு வலி.
தஞ்சாவூருக்குப் போன அன்று
டாக்டர் அவள் புருஷனை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

அந்த வருஷம் அவள் வீட்டுக்கு
ஏழு முறை போயிருக்கிறேன்.
ஏழு முறையும் மருமகளின் வயிற்றைத் தொட்டுப் பார்க்க.
டீ கொண்டுவந்து வைத்தவளிடம்
எப்படி இருக்கீங்க என்றேன்.
நல்லாருக்கேன் என்றாள்.
நான் அதை நம்ப வசதியாக இருந்தது.

வியாழக்கிழமை வருகிறோம் என்றவர்கள் பதினொன்று.
வந்தது ஐந்து.
ஒருத்திக்கு நூறு நாள் வேலை.
ஒருத்திக்குக் குழுக்கடன் கட்டும் தேதி.
ஒருத்தியின் வீட்டில், எதுக்கு என்ற ஒரே கேள்வி.
வந்த ஐந்திலும் தையல்நாயகி
பவுனம்மாளின் பையைப் பிடித்துக்கொள்ள வந்தவள்.

திரைக்குப் பின்னால் மேசை,
கழுத்து வளைந்த விளக்கு,
பஞ்சில் தோய்த்த காடி.
"மாட்டுக்கு வைக்கிறதா?"
இல்லை, இது வினிகர், தண்ணீர் கலந்தது.
தடவிவிட்டு ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும்.
மாறத் தொடங்கிய இடம் இருந்தால் வெளுக்கும்.
அந்த ஒரு நிமிஷத்தில் பவுனம்மாள்
உரக்கடைப் பாக்கியைக் கூட்டினாள்.
ஜெயக்கொடி மூடிய கண்ணை
கீழே இறங்கும் வரை திறக்கவில்லை.
நூர்நிஷா விளக்கைத் திட்டினாள்.
மல்லிகேஸ்வரி மூச்சே விடவில்லை.
நால்வருக்கும் ஒன்றுமில்லை.

வந்ததற்குப் பார்த்துக்கொள்ளேன் என்றதும்
பையைப் பவுனம்மாளிடம் கொடுத்துவிட்டு ஏறினாள் தையல்நாயகி.
வெளுத்தது.
ஒரு பச்சரிசி அளவு.

புற்றா?
இல்லை. விட்டால் ஆகலாம். ஆக வருஷங்கள் ஆகும்.
கூரையைப் பார்த்தபடி கொஞ்சம் யோசித்தாள்.
"நாத்தங்கால்ல கோரை.
இப்பப் புடுங்கினா ஒரு ஆள் கூலி."

டாக்டர் வைத்த சூடு
காடி காத்திருந்த நேரத்தைவிடக் குறைவு.
அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தவளிடம்
கொஞ்ச நாள் நீர்போலப் படும், பயப்படாதே,
ஒரு வருஷத்தில் திரும்ப வா,
ஒரு மாசம் புருஷனோடு சேரக் கூடாது என்றேன்.
"அதை எங்கிட்ட ஏன் சொல்றே?
சீட்டுல எழுதி அவருகிட்ட குடு.
சீல் வச்சு."

எழுதினேன்.
ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஊதா முத்திரையை
மை காய்ந்துபோன அட்டையில் மூன்று முறை குத்தி
அழுத்தி வைத்தேன்.
தாலிக்கயிற்றில் முடிய முடியாத குறையாக
அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை
வராத ஆறு பேரில் ஒருத்தி
வாசல் வேம்படியில் நின்றாள்,
உள்ளே வரவில்லை.
சோதனை வேண்டாமாம்.
சீட்டு மட்டும் கிடைக்குமா என்றாள்.

கிடைக்கும் என்றேன்,
மேசை விரிப்பை மாற்றிக்கொண்டே.